தோளுக்கேற்ற துப்பாக்கி

முன்னுரை

வில்லும் வேலும் தமிழிலக்கியத்திற்குப் புதியன அல்ல. குறிஞ்சி நிலத்து மாந்தர்க்கு வேட்டை தொழிலாகவும் விளையாட்டாகவும் இருந்தது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு, யானை முதல் உடும்பு வரை பல உயிர்களை ஊடுருவிச் சென்றதாகப் புறநானூறு கூறுகிறது. அங்கே அம்பு சென்ற வழி பேசப்படுகிறதேயன்றி, எய்தவன் தோள் தாங்கிய சுமை பேசப்படவில்லை. வில்லுக்கு அது பொருந்தும். துப்பாக்கிக்கோ தோளைப் பற்றிப் பேசாமல் தீராது. சுடும்போதெல்லாம் அது சுடுபவரையே உதைக்கிறது.

புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024-ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டியில் இந்தியா சார்பில் கலந்துகொண்டதைச் செய்தித்தாள்களில் கண்ட மாணவர் சிலர், அவ்விளையாட்டிற்குரிய துப்பாக்கியைப் பற்றி வினவுகின்றனர். சிவகிரி மலையடிவாரத்து நிலவுடைமையாளர்களோ காட்டுப்பன்றிக்கு எந்தத் துப்பாக்கி உகந்தது என்று வினவுகின்றனர். இரு சாராரும் கேட்பது ஒன்றே: உதை குறைந்ததாக, அடுத்தடுத்துச் சுடத்தக்கதாக ஒரு துப்பாக்கி எது? இவ்வினாவிற்கு விடை கடையில் தொடங்குவதில்லை. நோக்கம், சட்டம், உடல், தோட்டா ஆகிய நான்கையும் கடந்த பின்னரே பொறியைப் பற்றிய பேச்சுக்கு இடமுண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

'துப்பாக்கி' என்னும் சொல் துருக்கிய மொழியில் தோன்றிப் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. வள்ளுவர் வான்சிறப்பில் ஆளும் 'துப்பாக்கி' உணவினை ஆக்குவது என்னும் பொருளது. அதற்கும் இக்கருவிக்கும் தொடர்பில்லை. 'தோட்டா'வும் வந்தேறிய சொல்லே. ஆனால் குழல், குதிரை, மருந்து, ரவை முதலிய சொற்களால் நம் நாட்டுப்புற மக்கள் இக்கருவியைத் தமிழாக்கிக்கொண்டனர்.

துப்பாக்கிகளை இருவகைப்படுத்தலாம். குழலின் உட்புறத்தில் திருகு வரிகள் கொண்டு ஒற்றைக் குண்டினைச் சுழற்றி அனுப்புவது ரைபிள். உட்புறம் வழுவழுப்பாக அமைந்து, ஒரு தோட்டாவிலுள்ள நூற்றுக்கணக்கான ஈய ரவைகளைச் சிதறவிடுவது சிதறு துப்பாக்கி. பறக்கும் பறவையையும் தட்டினையும் வீழ்த்தப் பயன்படுவது இரண்டாம் வகையே.

'பன்னிரண்டு போர்' என்று நம் ஊர்களில் வழங்குவதும் இதுவே. இங்குப் 'போர்' என்பது சமரன்று. குழலின் துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஓர் உருண்டை பொருந்தும் அளவுடைய துளை 12 போர்; அதன் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டைகளாக்கினால் வருவது 20 போர். எண் மிகுந்தால் துளை சிறுக்கும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

உதையின் கணக்கு

ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. ரவை முன்னே பாய்கையில் துப்பாக்கி பின்னே பாய்கிறது. இரண்டின் உந்தமும் சமம். இதனை எளிய கணக்கொன்றால் காண்போம்.

24 கிராம் ரவை நொடிக்கு 400 மீட்டர் விரைவில் வெளியேறுவதாகக் கொள்வோம். 0.024-ஐ 400-ஆல் பெருக்க, உந்தம் 9.6 ஆகிறது. துப்பாக்கியின் எடை 3.2 கிலோகிராம் எனில், அது நொடிக்கு 3 மீட்டர் விரைவில் தோளை நோக்கி வரும். அதன் இயக்க ஆற்றல் 14.4 ஜூல். அதே துப்பாக்கியில் 36 கிராம் ரவை கொண்ட தோட்டாவை அதே விரைவில் சுட்டால், பின்னோக்கிய விரைவு 4.5 மீட்டராகவும் ஆற்றல் 32.4 ஜூலாகவும் உயர்கின்றன. ரவை ஒன்றரை மடங்கானால் உதை இரண்டேகால் மடங்காகிறது.

மறுபுறம் நோக்குவோம். 24 கிராம் தோட்டாவையே 4 கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால் ஆற்றல் 11.52 ஜூலாகக் குறைகிறது; ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தோட்டாவிலுள்ள அடைப்பானும் எரிந்த மருந்தின் வாயுவும் வெளியேறுவதால் உண்மை உதை இதனினும் சற்று மிகும். எனினும் இக்கணக்கின் படிப்பினை மாறாது. இலேசான தோட்டாவும் கனமான துப்பாக்கியும் உதையைக் குறைக்கும் முதல் இரு வழிகள் ஆகும். அதிலும் தோட்டாவை மாற்றுவதே மிகுபயன் தருவது, செலவும் அற்பமே.

உதையால் வரும் கேடு தோள்வலியோடு நிற்பதில்லை. வலியை எதிர்பார்க்கும் உடல், விசையை இழுக்கும் நொடியிலேயே கண்ணை மூடித் தோளைச் சுருக்கிக்கொள்கிறது. குறி தவறுகிறது. மீண்டும் மீண்டும் தவறும் மாணவர், தமக்கு இவ்விளையாட்டில் திறமையில்லை என்று முடிவு கட்டி விலகிவிடுகிறார். சிறிய உடலமைப்புடைய மாணவியர்க்கு இத்தீங்கு நேர்வது எளிது. வெடியோசையும் இவ்வச்சத்தை வளர்க்கிறது. துப்பாக்கியின் ஓசை 140 டெசிபெலைக் கடப்பது. காப்பின்றிக் கேட்பின் செவித்திறன் நிலையாகக் குன்றும். எனவே செவிக்காப்பு அணியாமல் ஒரு தோட்டாவும் சுடலாகாது.

பொறி உதையைத் தணிக்கும் விதம்

விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெடித்து, வெற்றுறை வெளியே தள்ளப்பட்டு, அடுத்த தோட்டா தானே குழலுக்குள் ஏறி நிற்பது அரைத்தானியங்கித் துப்பாக்கி. மறுமுறை சுட விசையை மறுமுறை இழுக்க வேண்டும். அழுத்திப் பிடித்தவரையில் தொடர்ந்து சுடும் முழுத்தானியங்கியினின்றும் இது வேறானது.

இவ்வகைச் சிதறு துப்பாக்கியை முதன்முதலில் வெற்றியுடன் உருவாக்கியவர் அமெரிக்கரான ஜான் பிரவுனிங். அவருடைய 'ஆட்டோ-5' பெல்ஜியம் நாட்டின் எப்.என். ஆலையில் 1902 முதல் செய்யப்பட்டது. அதில் வெடிப்பின் உதையால் குழலே பின்னுக்கு நகர்ந்து பொறியை இயக்கியது. இன்று பெரிதும் வழங்குவன இரண்டு முறைகள்.

முதலாவது வாயு விசைமுறை. குழலிலுள்ள சிறு துளைகள் வழியாக வெடிவாயுவின் ஒரு பகுதி பிரிந்து ஓர் உந்துதண்டைத் தள்ளுகிறது. அத்தண்டு பூட்டினைப் பின்னுக்குத் தள்ளிச் சுருள்வில்லை அழுத்துகிறது. 1963-இல் வெளிவந்த அமெரிக்க 'ரெமிங்டன் 1100' இம்முறையால் மென்மையான துப்பாக்கி எனப் பெயர் பெற்றது. இத்தாலியின் 'பெரெட்டா' நிறுவனமும் இம்முறையில் பல வகைகளைச் செய்கிறது.

இரண்டாவது நிலைம விசைமுறை. 1967-இல் தொடங்கப்பட்ட இத்தாலியின் 'பெனெல்லி' நிறுவனம் இதனைப் பரப்பியது. துப்பாக்கி முழுதும் பின்னே பாய, கனமான பூட்டு மட்டும் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. இடையிலுள்ள சுருள்வில் அழுந்தி, பின்னர் விரிந்து பூட்டை இயக்குகிறது. இதில் வாயு பொறிக்குள் புகாமையால் புகைக்கரி குறைவு, எடையும் குறைவு. ஆனால் உதை வாயு முறையினும் மிகுதியாகத் தோன்றும்.

இங்கு ஓர் ஐயம் எழும். உந்தம் அழியாது என்பது இயற்பியல் விதியாயின், பொறி எவ்வாறு உதையைக் குறைக்கும்? மொத்த உந்தம் குறைவதில்லை. அது தோளை வந்தடையும் காலம் நீள்கிறது. நெல்மூட்டையை முதுகில் திடீரெனப் போடுவதற்கும், மெல்லச் சாய்த்து ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடே இது. எடை ஒன்றுதான், ஆயினும் முன்னது இடுப்பை ஒடிக்கும், பின்னது சுமையாக மட்டும் அமையும். வாயு முறையில் அடி, தள்ளுதலாக மாறுகிறது.

தட்டுச் சுடுதல்

சிதறு துப்பாக்கி விளையாட்டின் வரலாறு நம் சிந்தனைக்குரியது. தொடக்கத்தில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டனர். 1900-ஆம் ஆண்டு பாரிசுப் போட்டிகளிலும் இக்கொடுமை நிகழ்ந்தது. அதற்கு முன்னரே, 1880-இல், அமெரிக்கரான ஜார்ஜ் லிகோவ்ஸ்கி களிமண் தட்டினை உருவாக்கியிருந்தார். புறாவின் இடத்தைத் தட்டு பிடித்துக்கொண்டது. இன்று அத்தட்டு களிமண்ணாலும் செய்யப்படுவதில்லை. சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து செய்யப்படுகிறது. அதன் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம்.

ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு 'டிராப்', 'ஸ்கீட்' என இருவகைப்படும். டிராப்பில் சுடுபவர்க்கு முன்னுள்ள பள்ளத்திலிருந்து தட்டு அவரை விட்டு விலகிப் பறக்கிறது. 76 மீட்டர் தொலைவு செல்லும்படி பொறி அமைக்கப்படுகிறது. துப்பாக்கியை முன்னரே தோளில் பொருத்திக்கொள்ளலாம். ஸ்கீட்டில் இரு கூடுகளிலிருந்து தட்டுகள் குறுக்கே பறக்கின்றன; தட்டு தோன்றும் வரை துப்பாக்கி இடுப்பளவிலேயே இருத்தல் வேண்டும். எனவே ஸ்கீட்டிற்கு விரைந்து தோளேறும் துப்பாக்கி தேவை.

தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். 2018 முதல் மகளிர்க்கும் அதே எண்ணிக்கை. டிராப் தகுதிச் சுற்றில் ஒரு தட்டிற்கு இருமுறை சுடலாம் என்பதால் 250 தோட்டாக்கள் வரை செலவாகலாம். அத்தனை உதையையும் ஒரே தோள் தாங்க வேண்டும். இதனை உணர்ந்தே பன்னாட்டு விதிகள் ரவையின் எடையை 24 கிராம் அளவில் நிறுத்தியுள்ளன. 12 போரும் அதனிற் சிறிய துளைகளும் ஏற்கப்படும். அரைத்தானியங்கியும் ஏற்கப்படும், ஆனால் அதன் கிடங்கில் ஒரு தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைத்திருத்தல் வேண்டும்.

எனினும் ஒலிம்பிக் அளவில் பெரும்பாலோர் கையாள்வது, ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல்கள் அமைந்த இரட்டைக்குழல் துப்பாக்கியே. அது கனமானது, பழுதாகும் உறுப்புகள் குறைந்தது, மடக்கித் திறந்தால் உள்ளே தோட்டா இல்லையென்பது பார்வையிலேயே புலப்படும். 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் கைனான் செனாய், சொராவர் சிங் சந்து, பிருத்விராஜ் தொண்டைமான் ஆகிய மூவரும் ஆடவர் டிராப் அணிப்பிரிவில் தங்கம் வென்றனர். அத்தகைய உயரத்திற்குச் செல்ல அரைத்தானியங்கி இன்றியமையாதது அன்று என்பதை மாணவர் உணர்தல் நலம்.

வேட்டையும் சட்டமும்

வேட்டைக்கு வருவோம். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டையில் அரைத்தானியங்கி பெரிதும் விரும்பப்படுகிறது. ஈய நஞ்சு நீர்நிலைகளில் சேர்வதைத் தடுக்க 1991 முதல் அந்நாடு முழுதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டது. மாற்றாக வந்த எஃகு ரவை ஈயத்தினும் இலேசானது. அதன் குறையை ஈடுசெய்ய விரைவு மிக்க தோட்டாக்கள் செய்யப்பட்டன. விரைவு மிக உதையும் மிகுந்தது. ஆகவே வாயு விசைமுறைக்கு அங்கு மதிப்பு உயர்ந்தது. அங்கும் வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏறாதபடி அடைத்தல் 1935 முதல் விதியாகும்.

நம் நாட்டின் நிலை முற்றிலும் வேறு. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. சிவகிரி ஜமீன் காலத்து வேட்டைக் கதைகள் மூத்தோர் நினைவில் இருக்கலாம். ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன. வேட்டை உரிமை அதன்பின் ஒழிந்தது. இன்று சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர்ப் பக்கத்து மலைக்காடுகள் 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவுயிர்ச் சரணாலயத்தில் அடங்குவன. வடக்கே திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் அமைந்தது. அங்குத் திரியும் மிளாவையும் மலையணிலையும் சுடுவது கடுங்குற்றம்.

காட்டுப்பன்றியால் உழவர் படும் துயரம் பொய்யன்று. விளைந்த நெல்லும் கரும்பும் ஓரிரவில் பாழாவதைக் காண்பவர்க்கே அவ்வேதனை தெரியும். ஆயினும் அதற்குத் தீர்வு உழவர் கையிலுள்ள துப்பாக்கி என்று சட்டம் கூறவில்லை. 2025 சனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் புகும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் இரண்டும் இல்லை. மலையை ஒட்டிய வயல்கள் இம்முதல் எல்லைக்குள் அடங்குவன என்பதையும், சுடும் பொறுப்பு வனத்துறையினரைச் சார்ந்தது என்பதையும் நிலவுடைமையாளர் அறிந்திருத்தல் வேண்டும். பொறுமையிழந்து அவுட்டுக்காயும் மின்வேலியும் வைப்போர், பன்றியோடு யானையையும் சில நேரம் மனிதரையும் பலி கொடுக்கின்றனர்.

துப்பாக்கியை வைத்திருப்பதற்கே தனிச் சட்டம் உண்டு. பாளையக்காரர் போர் ஓய்ந்தபின் 1801 டிசம்பரில் வெளியான அறிக்கையால் கும்பினியார் தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தனர். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்க்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இன்று நடைமுறையிலுள்ளது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி தற்காப்பிற்கும் விளையாட்டிற்கும் 20 அங்குலத்திற்குக் குறையாத குழலுடைய வழுவழுப்பான துளைத் துப்பாக்கிக்கும், பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் கோரலாம். உரிமம் பெற 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் பொதுவாக ஒருவர் இரு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று: 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணை, அரைத்தானியங்கியைச் சாதாரண இரட்டைக்குழல் துப்பாக்கியோடு சேர்க்காமல் கட்டுப்பாடு மிகுந்த வகையில் வைத்துள்ளது. சாதாரண உரிமத்தைக் காட்டி அதனை வாங்கலாம் என எண்ணுவது தவறு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி அனுப்பும் பொருளும் அன்று அது. பயிர்க்காவல் உரிமம், வேட்டைக்கான அனுமதி ஆகாது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

தேர்ந்தெடுக்கும் முறை

ஆகவே நம் நாட்டில் இத்தேர்வுக்கு நேரிய நோக்கமாக எஞ்சுவது தட்டுச் சுடுதலே. அதில் ஈடுபட விழைவோர், முதலில் இந்திய தேசிய ரைபிள் சங்கத்தோடு இணைந்த சுடுகழகம் ஒன்றில் சேர்தல் வேண்டும். 1951-இல் தோன்றிய அச்சங்கத்தின் கீழ் மாநில, மாவட்டச் சங்கங்கள் இயங்குகின்றன. கழகத்துத் துப்பாக்கியில் பயிற்சியாளர் மேற்பார்வையில் பழகிய பின்னரே சொந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சிந்தித்தல் தகும். அரைத்தானியங்கியாயினும் இரட்டைக்குழலாயினும் பின்வருவனவற்றை ஆராய வேண்டும்.

முதலாவது, உடற்பொருத்தம். விசையிலிருந்து பின்கட்டையின் முடிவு வரையுள்ள நீளம் கைக்கு ஏற்றதாதல் வேண்டும். நீண்டால் அக்குளில் சிக்கும். குறுகினால் பெருவிரல் மூக்கில் மோதும். கன்னம் கட்டையில் படிந்தவுடன் கண் குழலின் மேற்பட்டிக்கு நேராக வருதல் வேண்டும். பொருந்தாத துப்பாக்கியில் உதை தோளின் குழிவில் இறங்காமல் எலும்பு முனையிலும் கன்னத்திலும் இறங்கும். கட்டையின் முடிவில் மெத்தென்ற இரப்பர்த் தட்டு இருத்தல் நன்று. பெரியவர்க்கென அமைந்த கட்டையை வளரும் பிள்ளையின் தோளில் ஏற்றுவது முறையன்று.

இரண்டாவது, எடை. கனமான துப்பாக்கி உதையைக் குறைக்கும் என்று கண்டோம். ஆனால் நூறுமுறை தூக்கும் கை சோர்ந்தால் குழல் தாழும், குறி கெடும். தூக்கத்தக்க எடையே தக்க எடை. 12 போர் கனத்தால் 20 போரில் தொடங்கலாம். எனினும் இலேசான 20 போரில் கனத்த தோட்டாவை இட்டால் உதை குறையாது என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும்.

மூன்றாவது, தோட்டாவுக்கும் பொறிக்கும் உள்ள உடன்பாடு. கனத்த வேட்டைத் தோட்டாவிற்கென அமைந்த அரைத்தானியங்கியில் 24 கிராம் தோட்டாவை இட்டால், பொறியை இயக்கும் விசை போதாமல் வெற்றுறை பாதியில் சிக்கலாம். வாங்குமுன் அதே தோட்டாவைக் கொண்டு பலமுறை சுட்டுப் பார்த்தல் வேண்டும்.

நான்காவது, பேணுதல். வாயு முறையில் துளைகளிலும் உந்துதண்டிலும் கரி படியும். ஒழுங்காகத் துடைக்காவிடில் இயக்கம் தடைப்படும். நிலைம முறையில் இத்தொல்லை குறைவு. இடக்கையர் ஒன்றைக் கூடுதலாகக் கவனித்தல் வேண்டும்: பெரும்பாலான அரைத்தானியங்கிகள் வெற்றுறையை வலப்புறம் எறிவன, அது அவர்கள் முகத்தின் குறுக்கே செல்லும். அவர்க்கென மாற்றி அமைத்தவையும் உள.

ஐந்தாவது, பாதுகாப்பு. அரைத்தானியங்கியில் ஒன்றைச் சுட்டவுடன் மற்றொன்று தானே ஏறிவிடுகிறது. கிடங்கை வெறுமையாக்கியவர் குழலறையிலுள்ள தோட்டாவை மறந்துவிடக்கூடும். ஆகவே சுடுமிடத்தை விட்டு நகருமுன் பூட்டைத் திறந்து நிறுத்தி, கண்ணாலும் விரலாலும் வெறுமையை உறுதிசெய்தல் வேண்டும். வெறுந்துப்பாக்கியாயினும் அதன் வாய் எவரையும் நோக்கலாகாது.

முடிவுரை

எட்டயபுரத்து அரசவைப் புலவர் உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றொரு பகுதி உண்டு. வேடன் பிடித்த மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வர, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே பிணை நின்ற நிகழ்ச்சியை அது விரிக்கிறது. நெல்லைச் சீமையின் மண்ணில் பிறந்த அப்பாட்டு, கையில் கருவி உள்ளவனிடம் இரக்கத்தையும் எதிர்பார்க்கிறது. சட்டம் பின்னாளில் எழுதியதைப் புலவர் முன்னரே நெஞ்சில் எழுதினார் எனலாம்.

உயிரின் இடத்தில் தட்டு வந்தது இவ்விளையாட்டின் வளர்ச்சி. தட்டு உடைந்தால் எவர் வீட்டிலும் அழுகை எழுவதில்லை. அவ்விளையாட்டில் நம் மாணவரும் மாணவியரும் தடம் பதிக்க வேண்டுமாயின் அவர்க்கு முதலில் தேவை விலையுயர்ந்த பொறியன்று. இலேசான தோட்டா, உடலுக்கேற்ற கட்டை, செவிக்காப்பு, நல்ல பயிற்சியாளர், குறையற்ற உரிமம் ஆகியனவே. இவை அமைந்தபின் தோள் அஞ்சாது. தோள் அஞ்சாதபோது கண் இமைக்காது. கண் இமைக்காதபோது குறி தவறுவது அரிது.